இறங்கும் நேரம்: ஐ.சி. 605 விபத்தும் விமானிகளின் கவனமும்

1990-ம் ஆண்டு பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 605 விமானம், மதியம் ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்களில் ஓடுபாதைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே தரையில் இறங்கிவிட்டது. அது இறங்கிய இடம் எச்.ஏ.எல். விமான நிலையத்தை ஒட்டியிருந்த கர்நாடகா கோல்ஃப் கிளப்பின் புல்வெளி. அங்கே தரையைத் தொட்டு, எகிறி, ஒரு மண்கரையில் மோதித் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். 54 பேர் பிழைத்தார்கள்.

விமான விபத்து என்றதும் நம் மனதில் வருவது என்ன? புயல், மழை, மூடுபனி, இன்ஜின் கோளாறு, வெடிகுண்டு... இவற்றில் எதுவுமே அன்று இல்லை. வானம் தெளிவாக இருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. விமானம் புத்தம் புதிய ஏர்பஸ் ஏ-320. இந்தியாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு இன்ஜின்களும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. காக்பிட்டில் இருந்த இருவருமே கேப்டன்கள். ஒருவர் 9,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், இன்னொருவர் 10,000 மணி நேரத்துக்கு மேல்.

பிறகு எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், ஒரு விமானம் இறங்கும்போது காக்பிட்டுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏற்றுவதைவிட இறக்குவது கஷ்டம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சூளையில் சூடு ஏற்றுவது பாதி வேலைதான். வெந்த பொருளைப் பதமாக ஆற வைப்பது மீதிப் பாதி. அவசரப்பட்டு ஆற விட்டால் நன்றாக வெந்த பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும்கூட விரிசல் விட்டுப் போகும். அத்தனை நேரம் பட்ட பாடு வீண்.

விமானமும் அப்படித்தான். 35,000 அடி உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகும் பல டன் எடையுள்ள ஒரு பொருளிடம் ஏராளமான சக்தி சேர்ந்திருக்கிறது. அதையெல்லாம் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் படிப்படியாகக் குறைத்து, சரியான இடத்தில், சரியான உயரத்தில், சரியான வேகத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சக்தி அதிகமாக இருந்தால் ஓடுபாதையைத் தாண்டி ஓடிவிடும். குறைவாக இருந்தால் ஓடுபாதைக்கு வந்தே சேராது.

இதைச் செய்துகொண்டே விமானிகள் இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் பாருங்கள். இறங்கப்போகும் ஊரின் வானிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஓடுபாதை, எப்படி இறங்கப்போகிறோம், இறங்க முடியாவிட்டால் என்ன செய்வோம் என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ரேடியோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். அவர்கள் சொல்லும் உயரம், திசை, வேகம் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி, கருவிகளில் பதிய வேண்டும். மற்ற விமானங்களைக் கவனிக்க வேண்டும். இறக்கையின் ஃபிளாப்புகளைப் படிப்படியாக நீட்ட வேண்டும். சக்கரங்களை இறக்க வேண்டும். செக்லிஸ்ட் படிக்க வேண்டும்.

மேலே பறக்கும்போது மணிக்கணக்கில் பெரிதாக வேலை இருக்காது. இறங்கும்போது எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து குவியும். அதுவும் பயணத்தின் கடைசியில், களைப்பு மிகுந்த நேரத்தில். ஒரு பயணத்தின் மொத்த நேரத்தில் கடைசிக்கட்ட இறக்கமும் தரையிறக்கமும் மிகச் சிறிய பங்குதான். ஆனால் உயிர்ப்பலி வாங்கும் விபத்துகளில் ஏறக்குறைய பாதி நடப்பது அந்தச் சிறிய பங்கில்தான்.

ஒரு பல்பு, ஒரு அரட்டை, ஒரு புழுதிப்புயல்

கவனச்சிதறலால் விமானம் விழும் என்பதை உலகம் 1970-களில்தான் சரியாகப் புரிந்துகொண்டது. அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்.

1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவில் மயாமி நகரில் இறங்க வேண்டிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. இறங்குவதை நிறுத்திவிட்டு, 2,000 அடி உயரத்தில் ஆட்டோபைலட்டில் விமானத்தை வட்டமடிக்க விட்டு, காக்பிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்கள். நடுவே உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட்டின் பிடி விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெதுவாக இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் பலி. கோளாறு என்ன தெரியுமா? பல்பு ஃப்யூஸ் போயிருந்தது, அவ்வளவுதான்!

1974 செப்டம்பர் 11. அதே நிறுவனத்தின் 212-ம் எண் விமானம் சார்லட் நகரில் பனிமூட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது விமானிகள் பேசிக்கொண்டிருந்தது அரசியலும் பழைய கார்களும். உயரத்தைக் கவனிக்காமல் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதினார்கள். 72 பேர் பலி.

1978 டிசம்பர் 28. போர்ட்லேண்ட் நகருக்கு வந்த யுனைடெட் 173 விமானத்தில் சக்கரக் கோளாறு. அதைச் சரிபார்ப்பதிலேயே கேப்டன் மூழ்கிவிட்டார். சுற்றிச் சுற்றிப் பறந்ததில் எரிபொருள் தீர்ந்தது. உடன் இருந்தவர்கள் எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. 10 பேர் பலி.

நம் ஊர்ப்பக்கமும் இதே காலத்தில் ஒன்று நடந்தது. 1973 மே 31 இரவு, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 440, பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது புழுதிப்புயல். ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே இறங்கிய போயிங் 737 உயர் அழுத்த மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த சுப்பராயனின் மகன், புதுச்சேரி தொகுதி எம்.பி., அன்றைய மத்திய எஃகு மற்றும் சுரங்கத்துறை அமைச்சர். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதில் முன்னால் நின்றவர். நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அந்தத் துறை எத்தனை முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1981-ல் அமெரிக்க விமானத்துறை ஒரு விதி கொண்டுவந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும், எந்த வேலையும் காக்பிட்டில் கூடாது. சாப்பாடு கூடாது, அரட்டை கூடாது, விமானப் பணிப்பெண்கள் சும்மா உள்ளே வந்து கேள்வி கேட்கக் கூடாது. 'ஸ்டெரைல் காக்பிட்' விதி என்று இதற்குப் பெயர். ஆபரேஷன் தியேட்டரில் கிருமி நுழையக்கூடாது என்பது போல, காக்பிட்டில் தேவையற்ற பேச்சு நுழையக்கூடாது. பிறகு மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றின.

நல்ல விதிதான். ஆனால் பெங்களூர் விபத்தை இந்த விதியால் தடுத்திருக்க முடியாது. ஏனென்றால் அன்று காக்பிட்டில் யாரும் அரட்டை அடிக்கவில்லை. பேசிய ஒவ்வொரு வார்த்தையும் விமானத்தைப் பற்றியதுதான்.

புது மாதிரி விமானம்

ஏ-320 என்பது 1988-ல் சேவைக்கு வந்த விமானம். அதற்கு முந்தைய விமானங்களில் இருந்து பல விதங்களில் வேறுபட்டது. பெரிய ஸ்டியரிங் போன்ற கட்டுப்பாட்டுக்குப் பதிலாக, பக்கவாட்டில் வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் போன்ற ஒரு சிறு கைப்பிடி. விமானியின் கை அசைவு கம்ப்யூட்டருக்குப் போய், கம்ப்யூட்டர்தான் இறக்கைகளை அசைக்கும்.

இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-ல் இந்த விமானங்களைப் பெற ஆரம்பித்தது. வாங்கியதே அரசியல் சர்ச்சையாக இருந்த காலம் அது. விமானிகள் பலரும் போயிங் போன்ற பழைய விமானங்களில் வருடக்கணக்காகப் பழகியவர்கள். ஐ.சி. 605-ல் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர், ஏ-320-க்குக் கேப்டனாகத் தகுதி பெறுவதற்கான சோதனைப் பயணத்தில் இருந்தார். அந்த வகை விமானத்தில் அவருக்கு அதுவரை நூறு மணி நேரம்கூட ஆகவில்லை. வலது பக்கம் இருந்தவர் அவரைச் சோதிக்கும் கேப்டன். அன்று துணை விமானியின் வேலையையும் அவர்தான் பார்த்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. கணக்கை எழுதுபவரே தணிக்கை செய்யக்கூடாது. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். காக்பிட்டில் இரண்டு பேர் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் அன்று வலது பக்கம் இருந்தவருக்கு மூன்று வேலை. இன்னொருவரைச் சோதிக்க வேண்டும், அவர் கேட்கும் கருவிகளைத் திருப்ப வேண்டும், விமானம் சரியாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அவர் திருப்பிய குமிழைச் சரிபார்க்க மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

இரண்டு குமிழ்கள்

காக்பிட்டில் கண்ணாடிக்குக் கீழே ஒரு நீளமான பலகை. அதில் வரிசையாகச் சில குமிழ்கள். அதில் ஒன்று உயரத்தைச் சொல்வதற்கு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை அடி வீதம் இறங்க வேண்டும் என்று சொல்வதற்கு.

ஓடுபாதையை நெருங்கும்போது, நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கலாம் என்று ஓட்டியவர் கேட்டார். விசாரணை மன்றம் மிகவும் சாத்தியம் என்று கருதிய விளக்கம் இதுதான்: இறங்கும் வீதத்துக்கான குமிழைத் திருப்புவதற்குப் பதிலாக, பக்கத்தில் இருந்த உயரக் குமிழ் 700 என்று திருப்பப்பட்டிருக்கலாம்.

கை ஒரு அங்குலம் தள்ளிப் போனதுதான் வித்தியாசம். ஆனால் விமானத்துக்கு இரண்டும் முற்றிலும் வேறு கட்டளைகள்.

'நிமிடத்துக்கு 700 அடி' என்றால், அந்த வீதத்தில் இறங்கு, வேகம் குறையாமல் இன்ஜினைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். 'உயரம் 700 அடி' என்றால், இன்ஜினை முழுக்கக் குறைத்துவிடு, கடல் மட்டத்துக்கு 700 அடி மேலே வரும் வரை இறங்கிக்கொண்டே இரு என்று அர்த்தம். பெங்களூர் இருப்பதோ கடல் மட்டத்துக்குச் சுமார் 2,900 அடி உயரத்தில்! அந்த 700 அடி என்பது பூமிக்கு அடியில் இருக்கிறது. விமானம் ஒருபோதும் அந்த உயரத்தைப் போய்ச் சேர்ந்து 'போதும்' என்று இன்ஜினைக் கூட்டப்போவதில்லை. இந்த நிலைக்கு 'ஐடில் ஓப்பன் டிசென்ட்' என்று பெயர். மேலே, பல ஆயிரம் அடியில், இது சாதாரணமாகப் பயன்படுத்தும் முறைதான். தரைக்குப் பக்கத்தில் வரவே கூடாத முறை.

ஆட்டோபைலட் அணைக்கப்பட்டிருந்தது. ஓட்டியவர் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டினார். விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தபோது, இயல்பாகவே மூக்கை உயர்த்திப் பிடித்தார். இன்ஜின் உதவி இல்லாமல் மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும். சுமார் 132 நாட் இருந்திருக்க வேண்டிய வேகம், கடைசியில் 106 நாட் வரை இறங்கிவிட்டது.

அசையாத த்ராட்டில், எண்ணிய குரல்

இன்ஜின் சும்மா இருப்பது இரண்டு அனுபவசாலிகளுக்கு எப்படித் தெரியாமல் போனது?

பழைய விமானங்களில் ஆட்டோமேட்டிக் அமைப்பு இன்ஜினைக் கூட்டினாலும் குறைத்தாலும், த்ராட்டில் கைப்பிடிகளும் சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். கை அதன்மேல் இருந்தால், பார்க்காமலேயே தெரிந்துவிடும். ஏ-320-ல் அப்படி இல்லை. கைப்பிடி ஒரே இடத்தில் நிற்கும், இன்ஜின் மட்டும் கூடும், குறையும். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திரையைப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணால் ஓடுபாதையைப் பார்த்து இறங்கும்போது கண் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். ஆயிரக்கணக்கான மணி நேரம் கைக்குத் தெரிந்த ஒரு செய்தி, அன்று கைக்குக் கிடைக்கவில்லை.

கடைசி அரை நிமிடத்தில் சோதனை கேப்டன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். விமானம் ஐடில் ஓப்பன் டிசென்ட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொன்னார். அதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. இரண்டு பக்கமும் இருக்கும் 'ஃபிளைட் டைரக்டர்' என்ற வழிகாட்டும் அமைப்பை அணைத்துவிட்டால், இன்ஜின் தானாக வேகத்தைப் பிடித்து வைக்கும் நிலைக்கு மாறும். அணைக்கலாமா என்று கேட்டார். தன் பக்கம் இருந்ததை ஏற்கனவே அணைத்துவிட்டதாக ஓட்டியவர் சொன்னார். ஆனால் மற்றவர் பக்கம் இருந்தது அணைக்கப்படவில்லை. இரண்டில் ஒன்று எரிந்துகொண்டிருந்தாலும் இன்ஜின் பழைய நிலையிலேயே இருக்கும்.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே விமானத்தின் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. நானூறு... முன்னூறு... இருநூறு...

ஒவ்வொரு நல்ல தரையிறக்கத்திலும் அதே குரல், அதே எண்கள், அதே தொனியில் ஒலிக்கும். தினமும் ஒலிக்கும் ஒரு சத்தம் அபாயச் சங்காக மாற முடியாது. கோயில் மணி அடித்தால் யாரும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்வதில்லை அல்லவா? அந்தக் குரல் உயரத்தைச் சொன்னது. வேகத்தைச் சொல்லவில்லை. அன்று செத்துக்கொண்டிருந்தது வேகம்.

செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் குமிழ், இந்த ஸ்விட்ச் எதையும் பார்க்காமல், த்ராட்டிலை முன்னால் தள்ளுவது. அதைச் செய்தபோது நேரம் கடந்துவிட்டது. ஜெட் இன்ஜின் கார் இன்ஜின் போல மிதித்ததும் சீறாது. முழுக்கக் குறைந்த நிலையிலிருந்து முழுச் சக்திக்கு வரச் சில விநாடிகள் தேவை. அந்த விநாடிகள் அவர்களிடம் இல்லை.

1972-ல் கவனத்தைத் திருடியது ஒரு பல்பு. 1974-ல் அரட்டை. 1990-ல் கவனத்தைத் திருடியது விமானமே. அது ஏன் இப்படிச் செய்கிறது என்று புரிந்துகொள்ளும் முயற்சியில், அது எங்கே போகிறது என்று பார்க்க ஆள் இல்லாமல் போனது.

யார் குற்றம்?

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. சிவசங்கர பட் தலைமையில் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. நாட்டில் இருந்த ஏ-320 விமானங்களை எல்லாம் அரசு பறக்கவிடாமல் நிறுத்திவைத்தது. பல மாதங்கள் அவை தரையிலேயே கிடந்தன.

விமானத்தின் வடிவமைப்பில்தான் கோளாறு என்று ஒரு தரப்பு. விமானம் சொன்னபடிதான் நடந்தது, விமானிகள்தான் தவறு செய்தார்கள் என்று இன்னொரு தரப்பு. விமானிகளின் தவறு என்று முடிந்தால் தயாரிப்பாளருக்கு நிம்மதி. விமானத்தின் கோளாறு என்று முடிந்தால் வாங்கியவர்களுக்குத் தலைவலி. இதற்கு நடுவில், பதில் சொல்ல வேண்டிய இருவரும் உயிரோடு இல்லை.

விசாரணை மன்றத்தின் முடிவு விமானிகள் பக்கம்தான் கை காட்டியது. ஐடில் ஓப்பன் டிசென்ட்டில் இருப்பது தெரிந்தும், உயரத்தைச் சொல்லும் குரல் ஒலித்தும், நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே த்ராட்டிலை முன்னே தள்ளவில்லை என்பதே காரணம் என்றது. அதே நேரம், அந்தக் கடைசிக் கட்டத்தில் விமானம் ஏன் அந்த நிலைக்குப் போனது என்பதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. குமிழ் மாறிப்போனது என்பது மிகவும் சாத்தியமான ஊகம், நிரூபிக்கப்பட்ட உண்மை இல்லை.

முடிவு தவறு என்று சொல்ல முடியாது. த்ராட்டில் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் 'விமானி தவறு' என்று எழுதி ஃபைலை மூடிவிட்டால், அடுத்த விமானிக்கு என்ன பயன்? தவறு செய்தவர் இறந்துவிட்டார். தவறு செய்ய வைத்த சூழ்நிலை உயிரோடு இருக்கிறது.

இதற்கு நிரூபணம் இரண்டே வருடத்தில் கிடைத்தது. 1992 ஜனவரி 20, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த ஏர் இன்டர் 148. அதுவும் ஏ-320. 3.3 டிகிரி சரிவில் இறங்க நினைத்த விமானிகள், அமைப்பு வேறு நிலையில் இருந்ததைக் கவனிக்காமல் பதிய, அது நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டது என்பதே விசாரணையில் வந்த முக்கியமான விளக்கம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி '33' என்றுதான் தெரியும். விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதன்பிறகு இறங்கும் வீதம் நான்கு இலக்கமாகத் தெளிவாகத் தெரியும்படி திரை மாற்றப்பட்டது.

பெங்களூரில் 700-க்கும் 700-க்கும் குழப்பம். ஸ்ட்ராஸ்பர்க்கில் 3.3-க்கும் 3,300-க்கும் குழப்பம். நாடு வேறு, விமானிகள் வேறு, மொழி வேறு. மாறாதது இறங்கும் நேரத்தின் நெருக்கடியும், ஒரே மாதிரி தோன்றும் எண்களும். ஒரு கம்பெனியில் ஒரே தவறை இரண்டு வெவ்வேறு குமாஸ்தாக்கள் செய்தால், குமாஸ்தாவை மட்டும் திட்டக்கூடாது. வவுச்சர் படிவத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மங்களூரும் கோழிக்கோடும்

இத்தனை பாடத்துக்குப் பிறகு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மங்களூரில் இறங்கியது. அங்கே ராடார் பழுதாகி இருந்ததால், வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் இறங்க ஆரம்பிக்க முடிந்தது. அதாவது, குறைந்த தூரத்தில் அதிக உயரத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம். கேப்டனோ பயணத்தில் பெரும்பகுதி தூங்கியிருந்தார், குறட்டைச் சத்தம் பதிவுக் கருவியில் இருந்தது. தூக்கத்திலிருந்து விழித்தவுடன் மூளை முழு வேகத்துக்கு வராது. விமானம் மிக உயரமாக வந்தது. துணை விமானி மூன்று முறை, இறங்க வேண்டாம், மீண்டும் மேலே போகலாம் என்று சொன்னார். கேப்டன் தொடர்ந்து இறங்கினார். 8,033 அடி நீள ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மலை உச்சியைச் சமப்படுத்தி அமைத்த அந்த ஓடுபாதையின் முனை தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் பலி. எட்டே பேர் பிழைத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 7 இரவு, அதே நிறுவனத்தின் 1344 விமானம் கோழிக்கோட்டில் கனமழையில் இறங்க முயன்றது. முதல் முயற்சியில் கேப்டன் பக்கத்து வைப்பர் வேலை செய்யாமல் நின்றது. இரண்டாவது முயற்சியில் பின்காற்றோடு வந்து, ஓடுபாதையின் பாதி தூரம் அளவில் போய்த் தரையைத் தொட்டது. மேலே போகலாம் என்று துணை விமானி சொன்னது இங்கேயும் செயலாகவில்லை. அங்கேயும் ஓடுபாதை மலை உச்சியில்தான். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

பெங்களூரில் வேகம் குறைந்தது, மற்ற இரண்டிலும் தரையைத் தொடும் இடம் தள்ளிப்போனது. ஒன்று ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தது, மற்றவை ஓடுபாதையைத் தாண்டி விழுந்தன. ஆனாலும் மூன்றிலும் ஒரு பொதுவான கணம் உண்டு. 'இது சரியில்லை' என்று காக்பிட்டில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததற்கும் கை அசைவதற்கும் நடுவில் நேரம் போய்விட்டது.

மாறியது என்ன?

அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இந்தக் காலப் பயிற்சியின் நோக்கம்.

முதலாவது, 'நிலையான இறக்கம்' என்ற விதி. கருவிகளை வைத்து இறங்கும்போது 1,000 அடியிலும், கண்ணால் பார்த்து இறங்கும்போது 500 அடியிலும் வேகம், பாதை, இன்ஜின் சக்தி, சக்கரம், ஃபிளாப் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் காரணம் தேடக்கூடாது. மேலே போய்விட வேண்டும். காரணத்தை மேலே போன பிறகு பேசிக்கொள்ளலாம். பெங்களூரில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

இரண்டாவது, பெயர் மாற்றம். முன்பு இரண்டு விமானிகளில் ஓட்டாதவரை 'ஓட்டாத விமானி' என்றே அழைத்தார்கள். 2000-களில் அது 'கண்காணிக்கும் விமானி' என்று மாறியது. வெறும் பெயர்தானே என்று தோன்றும். ஆனால் 'ஓட்டாதவர்' என்றால் வேலை இல்லாதவர் என்று அர்த்தம். 'கண்காணிப்பவர்' என்றால் அதுதான் அவர் வேலை என்று அர்த்தம்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்வது. திரையில் எந்த நிலை மாறினாலும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயில்களில் இது எப்போதும் நடப்பதுதான். இன்ஜினில் இருக்கும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். பச்சை என்று கண்ணுக்குத் தெரிகிறதே, எதற்குச் சொல்ல வேண்டும்? கண் பார்த்ததை மூளை பார்த்ததா என்று உறுதி செய்ய அதைவிட எளிய வழி இல்லை.

நான்காவது, மேலே போவது அவமானம் இல்லை என்ற எண்ணம். இதுதான் கஷ்டமான மாற்றம். பயணிகளாகிய நாமும் இதில் சம்பந்தப்பட்டவர்கள். இறங்கப் போன விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே எழும்பினால், உள்ளே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், பிறகு 'சரியா ஓட்டத் தெரியல' என்று திட்டுகிறார்கள். உண்மையில் அந்த நிமிடம் யாரோ ஒருவர் கடிகாரத்தையும் கௌரவத்தையும் பார்க்காமல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

பெங்களூரின் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் 2008 மே மாதத்தோடு வழக்கமான பயணிகள் விமானச் சேவை நின்றுவிட்டது. தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் வந்துவிட்டது. ஏ-320 வகை விமானங்கள்தான் இன்று இந்தியாவில் அதிகம் பறக்கின்றன. அவற்றின் த்ராட்டில் இன்றும் தானாக நகர்வதில்லை. உயரக் குமிழும் இறங்கும் வீதக் குமிழும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றைத் திருப்பியவுடன் திரையைப் பார்த்து என்ன பதிந்திருக்கிறது என்று உரக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் புதிது. அடுத்த முறை விமானத்தில் போகும்போது, இறங்கும் அந்தக் கடைசி இருபது நிமிடத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் எண்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழக்கம் வரக் கொடுத்த விலையில் 92 பேரும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.